விமானச்சீட்டின் விலையும் கண்காணிப்பும்

பதுளையிலிருந்து கொழும்பு செல்லும் பஸ்ஸின் கட்டணத்தைத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு நிர்ணயிக்கின்றது. நடத்துநர் கூடுதலாக அறவிட்டால் முறைப்பாடு செய்ய இடமுண்டு. அதே பஸ்ஸில் பசறை, லுணுகலை, ஹப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து வளைகுடாவுக்குத் தொழிலுக்குச் செல்வோரும் கட்டுநாயக்க நோக்கிப் பயணிக்கின்றனர். அவர்கள் கையிலுள்ள விமானச்சீட்டின் விலை எவ்வாறு அமைந்தது என்பதை எவரும் அவர்களுக்கு விளக்குவதில்லை.

முதற் பயணச் செலவைப் பெரும்பாலும் தொழில்வழங்குநரே ஏற்பதால் இது உறைப்பதில்லை. வீட்டில் மரணம் நேர்ந்து அவசரமாக வரும்போதுதான் சுமை தெரிகின்றது. ஒரே விமானத்தின் ஆசனங்கள் பல விலைப் பிரிவுகளாக விற்கப்படுகின்றன. மலிவானவை முதலில் தீர்ந்துவிடும். ஆகவே அவகாசமற்றவரே அதிகம் செலுத்துகின்றார். இது வர்த்தக நியதி. இதனை மோசடி எனக் கூறமுடியாது.

எரிபொருள் மேலதிகக் கட்டணம் என்பது வேறு சங்கதி. சீட்டில் இது வரிகளின் வரிசையிலேயே காணப்படுவதால் அரசாங்கம் அறவிடுவதாகவே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது விமான நிறுவனத்தின் வருமானம். மசகு எண்ணெய் விலை வீழ்ந்தால் இதுவும் குறையவேண்டும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு எப்போதும் நிறைவேறுவதில்லை.

அரசாங்கத்துக்குச் சேர்வது, 2003 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் நாட்டைவிட்டுப் புறப்படுவோரிடம் பெறப்படும் வரி. 2019 ஈஸ்டர் தாக்குதல்களின் பின்னர் இது 60 டொலரிலிருந்து தற்காலிகமாக 50 டொலராகக் குறைக்கப்பட்டது. சுற்றுலாத்துறைக்கு ஓர் ஆறுதல். ஆனால் 2022 இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை உயர்ந்தபோது 10,000 ரூபாவாக இருந்த 50 டொலர் 18,000 ரூபாவாயிற்று. கொழுந்து பறித்து நாட்சம்பளம் பெறும் குடும்பத்துக்கு இது சிறு தொகையல்ல.

உச்சவரம்பு விதிக்கலாமே எனக் கேட்கலாம். இந்தியா 2020 மே முதல் 2022 ஓகஸ்ட் வரை உள்நாட்டு விமானக் கட்டணங்களுக்கு எல்லை விதித்திருந்தது. பரந்த உள்நாட்டுச் சந்தை இருந்ததால் அது சாத்தியமாயிற்று. நமது நிலை வேறு. ஊவா மக்களுக்குக் கட்டுநாயக்கவிலும் அண்மையிலுள்ள மத்தள விமான நிலையம் 2013 இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து இயங்கிய ஃபிளைதுபாய் 2018 இல் விலகிக்கொண்டது. கட்டாயப்படுத்தி எந்த நிறுவனத்தையும் நிறுத்திவைக்க முடியாது.

விலையை வெளிப்படுத்துமாறு கட்டாயப்படுத்தலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, தவிர்க்கமுடியாத வரிகளும் கட்டணங்களும் அடங்கிய இறுதி விலையைத் தொடக்கத்திலேயே காட்டவேண்டும் என்கிறது. மேலதிகச் சேவைகளைப் பயணியே தெரிவுசெய்யவேண்டும், முன்கூட்டியே சேர்த்துவைக்கலாகாது. இங்கு பயணச்சீட்டு முகவர்களுக்கு அனுமதி வழங்கும் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை, அடிப்படைக் கட்டணம், எரிபொருட் கட்டணம், வரி, பொதியின் நிறையெல்லை, திகதி மாற்றக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் பற்றுச்சீட்டைத் தமிழிலும் வழங்குமாறு அனுமதி நிபந்தனையாக்கலாம்.

அப்போது பயணம் தடைப்பட்ட பெண்ணொருவர், பறக்காத பயணத்துக்கு அரசாங்க வரி எழாது என்பதையறிந்து, சீட்டு இரத்தானாலும் அந்த வரிப்பணத்தையேனும் பதுளையிலுள்ள முகவரிடம் பெயர் குறிப்பிட்டுத் திருப்பிக் கேட்கலாம்.