பல்லுக்குக் கேப் போடப் போறீங்களா?

போன மாதம் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் என்னிடம் வந்து வாயைத் திறந்து காட்டினார். கேப் போட்ட முன்பல்லின் ஈறு ஓரத்தில் கறுப்புக் கோடு. "சீட்டுக் காசு எடுத்துப் போட்டேங்க ஐயா. பல்லு செத்துப் போச்சா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். பல் டாக்டர் பார்த்துவிட்டு, ஈறு கொஞ்சம் இறங்கியதால் உள்ளே இருக்கும் உலோகத்தின் ஓரம் தெரிகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றாராம். இதைப் போடும் முன்னமே யாராவது சொல்லியிருந்தால் அந்த அக்கா ராத்திரித் தூக்கம் கெட்டிருக்க மாட்டார்.

கேப் என்பது பல்லின் மேல் மாட்டும் உறை. பாதி உடைந்த பல்லையும், வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லையும் பிடுங்காமல் காப்பாற்றப் போடுவார்கள். முழுக்க உலோகத்தில் செய்தது, நம்ம பாட்டிமார் போட்ட தங்கப்பல் மாதிரி, லேசில் உடையாது. அதற்குப் பல்லை அதிகம் சீவவும் வேண்டாம். கடைவாயில் போட்டால் வெளியில் தெரியவும் தெரியாது. உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது சொந்தப் பல் போலவே இருக்கும். ஆனால் கொட்டைப்பாக்கைக் கடித்தால் பீங்கான் சில்லுப் பெயரலாம், நாளானால் அந்த அக்காவுக்கு வந்த கோடும் வரலாம். உலோகமே சேராத பீங்கான், சிர்கோனியா கேப்புகளில் அந்தக் கோடு வராது. சிர்கோனியா நல்ல உறுதி. விலைதான் கூட.

ஆகவே விலையை மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பல், சிரித்தால் தெரியுமா, எவ்வளவு சீவுவார்கள் என்றும் கேளுங்கள். சீவிய பல் திரும்ப வளராது.

போட்டவர்கள் பலருக்கு மனக்குறை நிறத்தில்தான். நிறம் பார்க்கும் நாளில் வெற்றிலைக் கறையோடு போய் உட்காராதீர்கள், பல்லைச் சுத்தம் செய்த பிறகே நிறம் பார்க்க வேண்டும். கண்ணாடியை வாங்கி, பகல் வெளிச்சத்தில் நீங்களும் பாருங்கள். செய்து ஒட்டின பிறகு நிறத்தை மாற்றுவது கஷ்டம்.

கேப் சொத்தையாகாது, ஆனால் அதன் ஓரத்தில் உள்ள சொந்தப் பல் சொத்தையாகும். ஈறு ஓரமாகத் தினமும் இரண்டு வேளை துலக்குங்கள்.

பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையிலும் கேப் போடுகிறார்கள். செலவையும் எத்தனை தடவை வர வேண்டும் என்பதையும் முதலிலேயே விசாரித்தால், பேர் போகாமல் லீவு சொல்ல வசதி.

புதுக் கேப் கடிக்கையில் முதலில் முட்டினால், "பழகிரும்" என்று இருக்க வேண்டாம். திரும்பிப் போய்ச் சொன்னால் கொஞ்சம் தேய்த்துச் சரியாக்கித் தருவார்கள்.