கண்ணில் பட்டும் கருத்தில் படாதவை

'கண்டும் காணாமல் இருந்துவிட்டான்' என்பது நம்மிடையே வழங்கும் ஒரு குற்றச்சாட்டு. வேண்டுமென்றே ஒதுக்கினான், அல்லது அக்கறையற்று இருந்தான் என்பதே அதன் பொருள். ஆயினும், அக்கறை குறைந்ததால் அன்றி, அது ஒன்றன்மீது முழுமையாகக் குவிந்ததாலேயே கண்முன் நிற்கும் பொருள் தவறிப்போவதுண்டு என்பதை உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனை அறியாதபோது நேர்மையாளரைப் பொய்யர் என்றும், பொறுப்புள்ளவரைப் பொறுப்பற்றவர் என்றும் நாம் தீர்ப்பளித்துவிட நேரும்.

காடா துணி நெசவுக்குப் பெயர்பெற்ற பல்லடம் வட்டாரத்தின் விசைத்தறிக் கூடம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஒரே நெசவாளர் பல தறிகளை ஓட்டுகிறார். பாவு இழை அறுந்ததா, தாரில் நூல் தீர்ந்ததா என்பதிலேயே அவரது கருத்து ஊன்றியிருக்கும். அறுந்த இழையை நொடியில் கண்டுகொள்ளும் அதே கண், அருகே படிந்த எண்ணெய்க் கறையைத் தவறவிடக்கூடும். கறை சிறிது என்பதால் அன்று. கருத்து அதனைத் தேடவில்லை என்பதால்.

இதனை வெளிப்படையாக உணர்த்தியவர்கள் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டஃபர் சாப்ரிஸ் என்னும் அமெரிக்க உளவியலார். 1999இல் வெளியான அவர்களது ஆய்வில், வெள்ளைச் சட்டையினரும் கறுப்புச் சட்டையினரும் பந்து வீசி விளையாடும் படம் காட்டப்பட்டது. ஓர் அணியின் வீச்சுகளை மட்டும் எண்ண வேண்டும். இடையே கொரில்லா வேடமிட்ட ஒருவர் ஆட்டக்காரர்களின் நடுவே நடந்து சென்றார். பார்த்தோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் அவரைக் காணவில்லை. கறுப்பு அணியினரை எண்ணியோரைவிட, வெள்ளை அணியினரை எண்ணியோரே அக்கரிய உருவத்தை மிகுதியாகத் தவறவிட்டனர் என்பது நோக்கத்தக்கது. கறுப்பை ஒதுக்கப் பழகிய மனம், கரிய கொரில்லாவையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டது.

பார்வை என்பது விழியோடு முடிவதன்று என்னும் கருத்து பழமையானது. ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், தமது 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலில், ஒரு நோக்கில் மேலெழுந்தவாரியாக அறிதலையும், ஆழ்ந்து நோக்கி அறிதலையும் பிரித்துக் காட்டினார். ஒளி கண்ணை அடைந்தபின் மனத்தின் அறிதலும் தீர்மானமும் சேர்ந்தே காட்சி நிறைவுறுகிறது என்பது அவரது கொள்கை. அத்தீர்மானம் மிக விரைவாக நிகழ்வதால் நாம் அதனை உணர்வதில்லை என்றும் விளக்கினார். இன்றைய ஆய்வுகள் இக்கொள்கைக்கு அரணாகின்றன. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடிய 24 கதிரியக்க மருத்துவர்களுள் 20 பேர், அப்படங்களில் வைக்கப்பட்டிருந்த கொரில்லா உருவத்தைக் காணவில்லை. அது சராசரிக் கட்டியைப்போல் 48 மடங்கு பெரிது. காணாதோருள் பெரும்பாலோரின் விழிகள் அவ்விடத்தின்மீதே பதிந்திருந்தன.

இவ்வறியாமை ஒருவரது வாழ்வையே குலைக்கவல்லது. 1995 ஜனவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சாதாரண உடையிலிருந்த மைக்கேல் காக்ஸ் என்னும் காவலரைக் குற்றவாளி எனக் கருதிச் சக காவலர்களே கடுமையாகத் தாக்கினர். உண்மையான சந்தேக நபரைத் துரத்தி அவ்வழியே ஓடிய கென்னி கான்லி என்னும் காவலர், 'நான் அத்தாக்குதலைக் காணவில்லை' என்றார். எவரும் அதனை நம்பவில்லை. பொய்ச்சாட்சிக் குற்றத்திற்காக 1998இல் தண்டிக்கப்பட்டார். 2005இல்தான் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. 2011இல் சாப்ரிஸ் குழுவினர் இதனை ஒத்த சூழலை அமைத்துச் சோதித்தனர். முன்னே ஓடுபவரைக் கவனித்தவாறு பின்தொடர்ந்தோருள், வழியோரம் நடந்த போலிச் சண்டையை இரவில் கண்டோர் 35 விழுக்காட்டினர். பகலிலும் 56 விழுக்காட்டினரே.

இனிப் பல்லடத்தின் சாலைக்குத் திரும்புவோம். கோவை–திருச்சி நெடுஞ்சாலையோடு திருப்பூர், பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் சாலைகள் கூடும் ஊர் இது. லாரியும் பேருந்தும் வருகின்றனவா என்று மட்டும் பார்த்துத் திரும்பும் ஓட்டுநர், எதிரே வரும் இருசக்கர வாகனத்தைக் காணாமலே போகக்கூடும். 'பார்த்தேன், எதுவும் வரவில்லை' என்னும் அவரது கூற்று பொய்யாக இருக்க வேண்டியதில்லை. செல்பேசியைக் கையில் ஏந்தாமல் பேசினாலும் இடர் நீங்குவதில்லை. கை விடுபட்டதேயன்றிக் கருத்து விடுபடவில்லை.

எனவே, 'இன்னும் கவனமாக இரு' என்னும் அறிவுரை மட்டும் போதாது; கவனம் மிகுந்தபோதும் நேரும் பிழை இது. தேடும் பொருளையே மாற்றுவது பயன் தரும். இழையைப் பார்த்தவர் பார்த்த துணியை, கறையைத் தேடும் வேறொருவர் பார்க்க வேண்டும். சாலையில் திரும்புமுன் 'இருசக்கர வாகனம் வருகிறதா?' என்று தனியே ஒருமுறை நோக்க வேண்டும். சாட்சியை விசாரிப்போர், 'அவர் அங்கே இருந்தாரா?' என்பதோடு நில்லாது, 'அப்போது எதனைத் தேடிக்கொண்டிருந்தார்?' என்றும் கேட்க வேண்டும். அக்கேள்வி கேட்கப்படும்வரை, காணவில்லை என்பவரைப் பொய்யர் என்று கூற நமக்கு உரிமையில்லை.