உண்டு என்றும் சொல்லோம், இல்லை என்றும் சொல்லோம்

அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடி 2009 ஆகஸ்டில் இறந்தார். அடுத்த ஆண்டு ஜூனில், அவரைப் பற்றிய கோப்புகளிலிருந்து 2,000 பக்கங்களுக்கு மேல் எஃப்.பி.ஐ. இணையத்தில் போட்டது. ஏதாவது ரகசியம் சிக்கும் என்று புரட்டியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தவை கொலை மிரட்டல்கள்தான். அண்ணன்மார் இருவர் சுட்டுக்கொல்லப்பட்ட குடும்பத்தின் கடைசித் தம்பிக்கு வருடக்கணக்கில் வந்துகொண்டே இருந்த கடிதங்கள், தொலைபேசி அழைப்புகள், அவற்றை விசாரித்தவர்களின் குறிப்புகள்.

அந்தப் பக்கங்களில் மிரட்டல் வந்த தேதி இருக்கும். எந்த ஊர் அலுவலகம் விசாரித்தது என்பது இருக்கும். சில இடங்களில் மிரட்டலின் வாசகமே இருக்கும். மிரட்டியவரின் பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் வெற்றுக் கட்டம். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘பி6, பி7சி’. யாரைக் கொல்லப் போவதாகச் சொன்னார்கள் என்பது ஊருக்கே தெரியலாம், சொன்னவர் யார் என்பது மட்டும் தெரியக் கூடாது. முதல் பார்வைக்கு இது தலைகீழ் நியாயமாகத்தான் படும்.

பொடி எழுத்து, தகவல் சுதந்திரச் சட்டத்தின் பிரிவு எண். அதிபர் லிண்டன் ஜான்சன் 1966 ஜூலை 4 அன்று கையெழுத்திட்ட சட்டம் இது. நம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு 39 வயது மூத்தது. எந்தக் கோப்பையும் யாரும் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மறுப்பதற்கு ஒன்பது விலக்குகள் உண்டு. மிரட்டல் கோப்புகளின் தலையெழுத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் ஏழாவது. காவல், புலனாய்வு ஆவணங்களுக்கான அந்த விலக்குக்கு ஆறு கிளைகள். விசாரணை நடந்துகொண்டிருந்தால் ‘ஏ’. தகவல் கொடுத்தவரைக் காக்க ‘டி’. தனிமனித அந்தரங்கத்துக்கு ‘சி’.

கென்னடி கோப்பில் நடந்தது ‘சி’யின் வேலை. இறந்தவருக்கு இந்தச் சட்டத்தில் அந்தரங்கம் ஏறக்குறைய கிடையாது. குடும்பத்தாருக்கு மட்டும் ஓரளவு மிச்சம் இருக்கும். அதனால் செனட்டரின் பெயர் வெளியே வந்தது. மிரட்டியவரோ உயிரோடு இருக்கலாம். அவர்மீது வழக்கே போடாமல் விட்டிருக்கலாம், அல்லது வேறொருவர் அவர் பெயரில் கடிதம் எழுதியிருக்கலாம். எஃப்.பி.ஐ. கோப்பில் பெயர் இருப்பதே ஒருவருக்குக் கறை என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அவர் இறந்துவிட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால், பிறந்து 100 ஆண்டு ஆகும்வரை உயிரோடு இருப்பதாகவே எஃப்.பி.ஐ. கணக்கில் வைத்துக்கொள்ளும்.

உயிருக்கு ஆபத்து என்றால் ‘எஃப்’. இது முதலில் காவல் பணியாளர்களின் உயிரை மட்டும் காத்தது. 1986இல் ‘எந்த ஒரு நபரும்’ என்று விரித்தார்கள். அதிகாரிகளுக்கு வரும் மிரட்டலுக்கென்றே செய்ததுபோலத் தோன்றினாலும், எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது புலனாய்வு உத்திகளை மறைக்கும் ‘இ’. நூறு மிரட்டல்களில் எதற்கு ஆள் அனுப்பினார்கள், எதைக் கோப்பில் சொருகிவிட்டுச் சும்மா இருந்தார்கள் என்ற பட்டியல் வெளியானால் என்ன ஆகும்? அதைப் படிப்பவனுக்கு, எப்படி எழுதினால் வாசலில் போலீஸ் நிற்கும், எப்படி எழுதினால் நிற்காது என்று பாடம் கிடைத்துவிடும். ஒவ்வொரு கடிதமும் தனித்தனியே சாதாரணமானதுதான். அடுக்கி வைத்தால்தான் அளவுகோல் தெரியும். இந்த வாதத்தில் எனக்குப் பாதிதான் சம்மதம். மெத்தனத்தை மறைக்கவும் இதே வாதம் உதவுமே! 2016 திருத்தம் இதற்கு ஓரளவு கடிவாளம் போட்டது: விலக்கு பொருந்துகிறது என்றால் மட்டும் போதாது, வெளியிட்டால் இன்ன தீங்கு வரும் என்றும் காட்ட வேண்டும்.

கோப்பு இருக்கிறதா என்பதே கேள்வியானால் கதை வேறு. இன்னார் ஓர் ஆளுநரை மிரட்டியதாகப் புகார் உண்டா என்று ஒருவர் மனு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோப்பு இல்லாதபோது ‘இல்லை’ என்றும், இருக்கும்போது ‘தர முடியாது’ என்றும் பதில் சொன்னால், இரண்டாவது பதிலே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். ஆகவே இரண்டு நேரத்திலும் ஒரே பதில்: உண்டு என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம். ஆள் இருக்கும் நாளும் இல்லாத நாளும் வாசல் விளக்கை எரியவிடும் வீட்டைப் போலத்தான். கோப்பு இல்லாத நேரத்திலும் இதையே சொன்னால்தான் தந்திரம் பலிக்கும்; ஒரே ஒரு முறை ‘அப்படி எதுவும் இல்லை’ என்று உதவியாகச் சொல்லிவிட்டால், அடுத்த மௌனம் பேசத் தொடங்கிவிடும்.

இந்தப் பதிலுக்கு ‘குளோமார்’ என்று பெயர் வைத்தது ஒரு கப்பல். 1968இல் பசிபிக் கடலில் மூழ்கிய கே-129 என்ற சோவியத் நீர்மூழ்கியை, சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து தூக்க சி.ஐ.ஏ. 1974இல் ஒரு கப்பலை அனுப்பியது. ஹியூஸ் குளோமார் எக்ஸ்புளோரர் என்ற அந்தக் கப்பல் கடலடி மாங்கனீசு எடுக்கப் போவதாக உலகத்துக்குச் சொல்லியிருந்தார்கள். செய்தி கசிந்தபோது அதை அமுக்கும்படி பத்திரிகைகளிடம் சி.ஐ.ஏ. கேட்டுக்கொண்டது. அந்த முயற்சி பற்றிய ஆவணங்களைக் கேட்ட ஹாரியட் பிலிப்பி என்ற பத்திரிகையாளருக்குக் கிடைத்ததுதான் இந்தப் பதில். அவர் வழக்குப் போட்டார்; 1976இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிய காரணம் காட்டினால் இப்படியும் பதில் சொல்லலாம் என்று வழிவிட்டது. கடலடி ரகசியத்துக்காகப் பிறந்த பதில், இன்று தனி ஆட்களின் பெயர் சொல்லிக் கேட்கும் மனுக்களுக்கு எஃப்.பி.ஐ. வழக்கமாகத் தரும் பதில். பத்திரிகையில் வந்துவிட்டதே என்று வாதாடிப் பயனில்லை. அந்தத் துறையே வாய்திறந்து ஒப்புக்கொண்டிருந்தால்தான் பூட்டு திறக்கும்.

மனுவுக்கு 20 வேலை நாளில் பதில் தர வேண்டும் என்கிறது சட்டம். பெரிய கோப்பு என்றால் எஃப்.பி.ஐ. மாதத்துக்கு 500 பக்கம்தான் பரிசீலிக்கும்; நீதிமன்றங்களும் அதை ஏற்றிருக்கின்றன. கென்னடி கோப்பு அளவுக்குப் போனால் நாலைந்து மாதம்.

இன்னொரு விசித்திரம். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வரும் மிரட்டல்களை விசாரிப்பது கேபிடல் காவல்துறை. இது நாடாளுமன்றத்தின் கீழ் இயங்குகிறது. தகவல் சுதந்திரச் சட்டமோ நிர்வாகத் துறையை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆக, எந்த விலக்கையும் காட்டாமலே இவர்கள் மறுக்கலாம். விரும்பினால் எண்ணிக்கையைத் தாங்களே வெளியிடுவார்கள், வெளியிட்டும் வருகிறார்கள்: 2017இல் விசாரித்த மிரட்டல்களும் கவலைக்குரிய பேச்சுகளும் 3,939, 2021இல் 9,625, 2024இல் 9,474. அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் காகிதத்தைக் கேட்க இந்தச் சட்டத்தில் வழி இல்லை. நீதிபதிகளுக்கு வரும் மிரட்டல் என்றால், நீதிமன்றத்திடம் கேட்க முடியாது. அவர்களுக்குக் காவல் நிற்கும் மார்ஷல் துறை நீதித் துறை அமைச்சகத்தின் கீழ் வருவதால் அதனிடம் கேட்கலாம்.

விவரம் தெரிந்த நிருபர்கள் மனு மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்க மாட்டார்கள். மிரட்டியவர் கைதானால், எஃப்.பி.ஐ. ஏஜென்ட் சத்தியம் செய்து தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம் நீதிமன்றத்தில் இருக்கும். அதில் எல்லாமே திரும்பி நிற்கும். மிரட்டியவரின் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கும். அவர் குரல்பதிவில் விட்டுப்போன வசவுகள் பெரும்பாலும் எழுத்துப் பிசகாமல் இருக்கும். பல வழக்குகளில் அதிகாரியின் பெயர்தான் மறைந்து ‘பாதிக்கப்பட்டவர் 1’ ஆகியிருக்கும். நீதிமன்ற இணையதளத்தில் அதற்குக் கட்டணம் பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர்.