காலடிப்பேட்டை மாடியில் பூண்டு

சென்னையில் பூண்டு வளருமா என்று கேட்டால், தாள் நன்றாக வரும், பூண்டு திரளுவதுதான் சந்தேகம். பூண்டுப் பல்லுக்குள் இருக்கும் குருத்து சில வாரமாவது நல்ல குளிரில் இருந்தால்தான், பிறகு வெயிலும் பகலும் கூடும்போது அடியில் பல் பல்லாகப் பிரிந்து திரளும். அந்தக் குளிர் கிடைக்காத செடி பச்சையாகத் தாள் விட்டுக்கொண்டே இருக்கும். பிடுங்கிப் பார்த்தால் அடியில் சின்ன வெங்காயம் மாதிரி ஒற்றைப் பல்தான் இருக்கும்.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைவது இதனால்தான். பூண்டு விளையும் மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர் மலையல்ல, பீடபூமிதான். ஆனால் அங்கே ஐப்பசியில் ஊன்றிய பூண்டுக்கு மார்கழி, தை மாதக் குளிர் கிடைத்துவிடுகிறது. நமக்கோ மார்கழி இரவிலும் அந்த அளவுக்குக் குளிர் இல்லை. அக்டோபரில் பூண்டு நடச் சொல்லும் குறிப்புகள் அப்படிக் குளிரும் ஊர்களுக்கானவை. நம்மூரில் அது அடைமழைக் காலம். அப்போது ஊன்றினால் பல் அழுகிப்போகும்.

ஆகவே, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் முதல் பாதியில் நடுங்கள். அதற்கு ஆறேழு வாரம் முன்பே பூண்டை உரிக்காமல் முழுசாகக் காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். குளிர்காலத்தை விலைக்கு வாங்குவது என்றால் இதுதான். இப்படிச் செய்தாலும் கடைப் பூண்டின் அளவு வராது. சின்னதாக நாலைந்து பல் பிடித்தாலே லாபம்.

சென்னையின் காலடிப்பேட்டையில் கொல்லை உள்ள வீடு குறைவு. மொட்டைமாடியில் ஓரடி அகல வளர்ப்புப் பை போதும். கடற்கரை மணலை அள்ளி வந்து நிரப்பாதீர்கள், அதில் உப்பு இருக்கும். செம்மண், மக்கிய எரு, தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். போர் தண்ணீர் கரித்தால் அதையும் தவிர்த்து, மெட்ரோ வாட்டர் ஊற்றுங்கள்.

நடும் அன்றுதான் பல்லைப் பிரிக்க வேண்டும், தோலை உரிக்கக் கூடாது. தட்டையான அடிப்பக்கம் கீழே, கூர்முனை மேலே. தலைகீழாக ஊன்றினால் குருத்து கொக்கிபோல வளைந்து மேலே வரத் திணறும். ஓர் அங்குல ஆழம். தாளுக்கு மட்டும் என்றால் மூன்று விரல் இடைவெளி, பூண்டுக்கு என்றால் நான்கு அங்குலம். குண்டான வெளிப்பல்லாகப் பார்த்து ஊன்றுங்கள், நடுவில் இருக்கும் ஒல்லிப் பல் குழம்புக்கு. மண் காயத் தொடங்கும்போது தண்ணீர் விட்டால் போதும்.

தாள் ஒரு சாண் உயர மூன்று, நான்கு வாரமாகும். அடியில் இரண்டு அங்குலம் விட்டு நறுக்குங்கள், மறுபடி துளிர்க்கும். இரண்டு மூன்று அறுவடையில் பல்லின் சத்து தீர்ந்துவிடும். வேறு பல் ஊன்ற வேண்டியதுதான். முட்டைப் பொரியலிலும் நெத்திலித் தொக்கிலும் கடைசியில் தூவினால் வாசனை ஊரைக் கூட்டும். பூண்டு வேண்டும் என்று விட்ட செடியில் மட்டும் தாளை நறுக்காதீர்கள். தாளில் வெள்ளி நிறக் கீறல் கண்டால் அது இலைப்பேன். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

ஏப்ரல் வாக்கில் தாள் பழுத்துச் சாயும்போது தண்ணீரை நிறுத்தி, ஒரு வாரம் கழித்துப் பிடுங்கி, தாளோடு சேர்த்துக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள்.