தீ காத்த மடல்கள்

எழுத்துக்குத் தீ பகை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்த நமக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தாளும் ஓலையும் தீயின் முன் நில்லா. ஆயினும், எழுத்தைத் தாங்குவது மண்ணாகவோ கல்லாகவோ இருப்பின், அதே தீ அதற்குக் காவலாகவும் அமைவதுண்டு. பாரிஸ் மாநகரத்துச் சுவரொன்றைப் பற்றி அறிந்தபோதுதான் இதனை நான் ஊன்றிச் சிந்திக்கலானேன்.

அந்நகரின் மொன்மார்த்ர் பகுதியில், அபெஸ் சதுக்கத்துச் சிறு பூங்காவில் அச்சுவர் நிற்கிறது. 2000ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. ‘உன்னை நேசிக்கிறேன்’ என்னும் ஒரே வாசகம் 250 மொழிகளில் 311 தடவை அதில் எழுதப்பட்டிருக்கிறது. பிரெடெரிக் பரோன் என்பவர் பல நாட்டவரையும் அணுகி, அவரவர் மொழியில் அவரவர் கையாலேயே அவ்வாசகத்தை எழுதித் தரும்படி கேட்டுத் திரட்டினார். கீழைத்தேய வனப்பெழுத்துக் கலை பயின்ற கிளேர் கித்தோ என்னும் பெண்மணி அவற்றைச் சுவருக்கென ஒருங்கமைத்தார்.

சுவரில் உள்ள ஓடுகள் 612. ஒவ்வொன்றும் 21க்கு 29.7 சென்ரிமீற்றர் அளவினது. நாம் நாளும் கையாளும் எழுதுதாளின் அளவே அது. பரோன் எழுத்துகளைத் திரட்டிய தாள்களின் அளவும் அதுவே. ஆதலால் அச்சுவரை ஓவியம் என்பதினும், பிரித்துப் பரப்பி வைத்த கடிதக்கட்டு என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஓட்டின் உடல் எரிமலைக் கல். அதன்மேல் கண்ணாடித் தன்மை வாய்ந்த எனாமலைப் பூசி, 900 பாகை செல்சியஸ் அளவிலான சூளையில் சுடுவர். எனாமல் உருகிக் கல்லோடு ஒன்றிவிடும். பின்னர் மழையும் வெயிலும் அதனை எளிதில் மங்கச் செய்யா. பிரான்சின் வீதிகளில் வழிகாட்டிகளையும் முன்னர் இம்முறையிற் செய்து நிறுத்தினர்.

தீயிற் பட்டு நிலைத்த மடல்கள் புதியனவுமல்ல. இன்றைய துருக்கியிலுள்ள கியூல்தெபே என்னுமிடத்தில், ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அசீரிய வணிகரின் களிமண் ஏடுகள் 20,000க்கு மேல் கிடைத்துள்ளன. கடிதமும் களிமண், அதனை மூடிய உறையும் களிமண். அவ்வூர் தீக்கிரையானபோது வீடுகள் அழிந்தன, கடிதங்கள் எஞ்சின. அவற்றுள் ஒன்றிலே, லமாசி என்னும் இல்லத்தரசி தொலைதூரத்தில் வணிகம் புரிந்த தன் கணவனிடம், அவன் சென்றபின் தெரிந்தவர் ஒருவர் இருமுறை வீடு கட்டிவிட்டார், நாம் கட்டுவது எப்போது என்று கேட்கிறாள். கடல்கடந்து உழைக்கும் கணவர்க்கு நம்மூர்ப் பெண்கள் எழுதாத வாசகமா இது! மன்னரின் வெற்றிச் செய்தி மட்டுமன்று, மனையாளின் கவலையும் நிலைத்திருக்கத் தக்கதே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

என் தமையனார் 1980களில் வெளிநாட்டிலிருந்து எழுதிய நீலநிற ஏரோகிராம்கள் சில என்னிடம் உள்ளன. மடிப்புகள் கிழிந்துவிட்டன, மை வெளுத்துவிட்டது. அவற்றின் செய்தி எனக்கு மனப்பாடம். ஆயினும் ‘ழ’கரத்தின் சுழியை அவர் இழுத்து முடிக்கும் விதத்தை எந்த அச்செழுத்தும் எனக்கு மீட்டுத் தராது. கைபேசியில் வரும் செய்திகளிலோ எல்லோருடைய எழுத்தும் ஒன்றே. தந்தையின் கையெழுத்தை அறியாத பிள்ளைகளும் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள பழைய கடிதமொன்றிலிருந்து ஒரு வரியைத் தெரிந்தெடுக்கட்டும். அதனை எழுதியவரின் கைப்போக்கை அப்படியே பின்பற்றி, சூளைக்குரிய வண்ணத்தால் வெள்ளை ஓடொன்றில் தீட்டட்டும். ஓட்டை மீண்டும் சுட்டால் அவ்வரி நிலைபெறும். அவ்வோடுகளைப் பாடசாலைச் சுவரொன்றிற் பதித்துவிடலாம். கடிதம் இல்லாத வீட்டுப் பிள்ளை தன் பாட்டியிடம் சென்று ஒரு வரி எழுதி வாங்கி வரட்டும்.

நூலகத்தை எரித்த தீயை நாம் மறக்கவியலாது. ஆனால் நம் முதியோரின் கையெழுத்தைக் காப்பதற்கு அத்தீயையே நாம் ஏவல் கொள்ளலாம். எழுதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதனைத் தொடங்குதல் நன்று.