குளம்பு போட்ட வழி

நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையம் படுகை அணையில் காவிரியிலிருந்து ராஜவாய்க்கால் பிரிகிறது. வாய்க்கால் பாயும் பக்கமெல்லாம் கரும்பு, வாழை, வெற்றிலை. அந்த ஈரத்தை விட்டு மேட்டுக்கு ஏறிவிட்டால் சோளக்காடு, கடலைக்காடு, மேய்ச்சல் காடு. இந்த இரண்டு வகை நிலத்துக்கும் இடையே நெடுநாள் கொடுக்கல் வாங்கல் இருந்தது. சேறு உழவும், கரும்பாலை சுற்றவும், வெல்ல மூட்டை ஏற்றிய வண்டி இழுக்கவும் வாய்க்கால் ஊர்களுக்கு எருது வேண்டும். ஆனால் கன்றைக் காலாற மேயவிட்டு வளர்க்க அங்கே நிலம் மிச்சமில்லை. ஆற்றுக்கு அக்கரையில் காங்கயம், தாராபுரம் வரை விரியும் வறண்ட மேட்டு நிலத்திலோ கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் தின்று, சரளைத் தரையில் நடந்து பழகி, காங்கயம் காளைகள் அங்கே தேறின. வடக்கே பர்கூர் மலை மாடும், ஒகேனக்கல் பக்கத்து ஆலம்பாடி மாடும் உழவுக்குப் பேர்போனவை. லாரி வருவதற்கு முன்பு இவை எல்லாம் விற்ற இடத்திலிருந்து வாங்கிய இடத்துக்குத் தம் காலால்தான் வந்து சேர்ந்தன.

அப்படி மாடு ஓட்டிவந்த வழிகளில் பல இன்று தார்ச்சாலைக்கு அடியில் கிடக்கின்றன. சில இன்னும் இட்டேரியாக மிஞ்சியிருக்கின்றன. கொங்கு நாட்டில் இட்டேரி என்றால் எல்லோருக்கும் தெரியும்: இரண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் வேலமும் நெருங்கிய உயிர்வேலி, நடுவே ஒரு வண்டி போகும் அகலம், கோடையிலும் நிழல். இந்த வழியின் அகலமும், தங்கல்களுக்கு இடையே உள்ள தூரமும், வழியில் நட்ட கல்லும், ஓரத்து மரமும் மாட்டின் உடம்பு வகுத்த கணக்கின்படி அமைந்தவை. அந்தக் கணக்கை இன்றைய அறிவியலால் வரி வரியாகப் படிக்க முடிகிறது.

முதலில் தூரம். மாடு ஒரு நாளில் எவ்வளவு நடக்கும் என்பதைக் காலைவிட வயிறுதான் முடிவு செய்கிறது. நான்கு அறை கொண்ட வயிற்றில் முதல் அறையான அசையூண் பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. அவற்றுக்கு வேலை நடக்க, தின்றதை மாடு திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அரைத்தாக வேண்டும். புல்லை நம்பி வாழும் மாட்டுக்கு மேய ஏறக்குறைய எட்டு மணி நேரம், அசைபோட ஆறு முதல் எட்டு மணி நேரம் தேவை. நடப்பதற்கு எஞ்சுவது மீதி நேரம்தான்.

ஆற்றல் கணக்கும் இதையே சொல்கிறது. சமதரையில் ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் நகர்த்த மாட்டின் உடம்பு சுமார் 2 ஜூல் ஆற்றலைச் செலவிடுகிறது. 400 கிலோ எருது 20 கிலோமீட்டர் நடந்தால் 16 மெகாஜூல். அது சும்மா கட்டுத்தரையில் நின்று உயிர்வாழ நாள் ஒன்றுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்தச் செலவை வழியிலேயே மேய்ந்து ஈடுகட்டாவிட்டால் சந்தை சேர்வதற்குள் விலா எலும்பு எண்ணலாம். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன்பே இளைத்த மாட்டின் விலை இறங்கிவிடும்.

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியிலிருந்து ஃபால்கிர்க் சந்தைக்கு மாடு ஓட்டியவர்களும் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல்தான் நடத்தினார்கள். நம் கணக்கில் 16 முதல் 19 கிலோமீட்டர். மழையும் குளிருமான அந்த நாட்டிலும், வெயில் பிளக்கும் நாமக்கல் சமவெளியிலும் மாட்டின் வயிறு ஒன்றுதானே. இந்திய அரசு 2001-இல் கொண்டுவந்த, விலங்குகளைக் கால்நடையாகக் கொண்டுசெல்வதற்கான விதிகள் பசுவுக்கு நாளுக்கு 30 கிலோமீட்டர், எருமைக்கு 25, கன்றுக்கு 16 என்று உச்ச வரம்பு வைத்திருக்கின்றன. வளர்ந்த மாட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் காட்ட வேண்டும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தீனி போட வேண்டும். பழைய வழிகளில் கிணறும் கல்தொட்டியும் தண்ணீர்ப்பந்தலும் எதற்காக இடைவிட்டு அமைந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

அதே விதிகள் சூரியன் உதிப்பதற்கு முன்பும் மறைந்த பின்பும் மாட்டை நடத்தக் கூடாது என்கின்றன. வளர்ந்த மாட்டை நடத்த வெப்பம் 12 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. கள்ளத்தனமாக மாடு கடத்துவதைத் தடுக்கவும், இருட்டில் வண்டி மோதாமல் காக்கவும் இரவுத் தடை அவசியம்தான். ஆனால் ஜேடர்பாளையம் பக்கத்தில் வருஷத்தின் பெரும்பகுதி பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிவிடும். பழைய ஆட்கள் பின்மாலையிலும் பின்னிரவிலும் மாட்டை நடத்தி, உச்சிவேளையில் புளியமர நிழலில் படுக்கவிட்டதற்கு உடலியல் காரணம் உண்டு. திமில் மாடுகள் பகலில் ஏறும் உடல் சூட்டில் ஒரு பகுதியைத் தேக்கிவைத்து, இரவின் குளிர்ச்சியில் வெளியே விடுகின்றன. அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் நிலா வெளிச்சமே வழி பார்க்கப் போதும். வண்டி வெளிச்சத்தில் மாட்டின் கண் மின்னுவது அந்தப் படலத்தால்தான்.

வண்டிக்காரர் தூங்கினாலும் எருது வீடு வந்து சேரும் என்பது நம் ஊர்களில் எல்லோரும் சொல்வது. அதில் உண்மை இருக்கிறது. 1989-இல் டெரெக் பெய்லி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பல கிளைகளாகப் பிரிந்த பாதைகளில் எங்கே தீனி இருந்தது, எங்கே ஏற்கெனவே தின்று முடித்தோம் என்பதை மாடுகள் பல மணி நேரம் கழித்தும் நினைவில் வைத்திருந்தன. மந்தையில் வழி தெரிந்த ஒரு எருது முன்னால் போனால் மற்றவை தொடரும். ஓட்டுபவர் நேர் பின்னால் நிற்காமல் சற்றே பக்கவாட்டில், தோளுக்குப் பின்புறமாக நடப்பார். மாட்டின் பார்வை கிட்டத்தட்ட 330 டிகிரி. நேர் பின்னால் மட்டும் குருடு. தெரியாத இடத்திலிருந்து சத்தம் வந்தால் மிரளும். தோளைத் தாண்டி முன்னால் போனால் நிற்கும் அல்லது திரும்பும். இட்டேரியின் இருபுற வேலி இந்த வேலையில் பாதியைச் செய்தது. வெள்ளாமைக்குள் மாடு நுழையாமல் பார்த்துக்கொண்டது, பக்கத்துக் காட்சிகளால் மிரளாமலும் காத்தது. மூன்று நான்கு பேர் ஐம்பது உருப்படிகளை நடத்த முடிந்தது அதனால்தான்.

அடுத்தது குளம்பு. மாட்டின் குளம்பும் நம் நகமும் ஒரே கெரட்டின். மாதத்துக்கு ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் வளரும். மண் தரையில் வளர்வதும் தேய்வதும் சரியாக இருக்கும். சரளையிலும் கப்பிச் சாலையிலும் நாள்கணக்கில் நடந்தால் தேய்மானம் முந்திவிடும். அடிப்பகுதி மெலிந்து, கல் குத்தி, மாடு நொண்டும். அதற்குத்தான் லாடம்.

சந்தைகளில் லாடம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் நுட்பம் தெரியும். கயிற்றை உடம்பில் சுற்றி இழுத்ததும் எருது மெல்லச் சாயும். ஒருவர் தலையை அமுக்கிப் பிடிக்க, நான்கு காலையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். லாடக்காரர் உளியால் குளம்பின் அடியைச் சீவி மட்டமாக்குவார். பிளந்த குளம்பு என்பதால் காலுக்கு இரண்டு, மொத்தம் எட்டு மெல்லிய இரும்புத் தகடு. ஆணி உள்ளே சாய்ந்தால் உயிருள்ள சதையில் இறங்கிவிடும். அதனால் வெளிப்பக்கம் சாய்த்து அடித்து, குளம்புச் சுவரில் எட்டிப்பார்க்கும் முனையை முறுக்கி ஒடித்துவிடுவார். சுவரின் கனம் சில மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளிக்குள் ஆணியை நிறுத்தும் கை, படித்து வந்ததல்ல, பரம்பரையாகப் பழகி வந்தது. வேல்ஸ் நாட்டிலிருந்து லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தைக்கு மாடு ஓட்டியவர்களும் புறப்படுமுன் இதே எட்டுத் தகட்டை அடித்தார்கள். வாத்துகளையும் அப்படி நடத்தியே கொண்டுபோனார்கள். அவற்றைத் தாரிலும் மணலிலும் நடக்கவிட்டுப் பாதத்துக்குக் கவசம் உண்டாக்கினார்கள்.

வழியோரக் கற்களில் என் மனம் அதிகம் ஒட்டுவது ஆவுரிஞ்சு கல்லில். மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்வதற்காக மந்தைவெளியிலும் நீர்நிலைக் கரையிலும் நட்ட கல் அது. தமிழ் மரபு அடுக்கும் முப்பத்திரண்டு அறங்களில் இப்படிக் கல் நடுவதும் ஒன்று. தன் நாக்கும் கொம்பும் வாலும் எட்டாத இடத்தில் உண்ணி கடித்தால் மாட்டுக்கு வேறு வழியில்லை என்று யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். 2018-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசுக்களுக்கு முன்னால் எடை கட்டிய கதவுகளை வைத்தார்கள். ஒரு கதவுக்குப் பின்னால் புதுத் தீனி. இன்னொன்றுக்குப் பின்னால் உடம்பைத் தேய்த்துவிடும் சுழல் தூரிகை. தீனிக்காக எவ்வளவு எடையைத் தள்ளினவோ, ஏறக்குறைய அதே எடையைத் தூரிகைக்காகவும் தள்ளின. அந்தக் கல்லை நட்டவர்கள் அறமாகக் கண்ட தேவையை ஆய்வகம் எடையாக அளந்தது. இன்று பல ஊர்களில் அந்தக் கல் எது என்று அடையாளம் காட்ட ஆளில்லாமல், வேலிக்கால் கல்லோடு கல்லாக நிற்கிறது.

மந்தை போன வழியில் மரமும் முளைத்தது. வெள்வேல், கருவேல் ஆகியவற்றின் காயை மாடு விரும்பித் தின்னும். விதையின் கெட்டித் தோல் வயிற்று அமிலத்தில் இளகி, சாணத்தோடு விழும்போது முளைக்கத் தயாராக இருக்கும். தங்கல் போட்ட இடத்தில் எருவும் விதையும் சேர்ந்தே குவியும். உயிர்வேலியில் கவுதாரியும் கீரியும் குடியேற, பறவைகள் வேறு விதைகளைக் கொண்டுவந்து சேர்க்க, இட்டேரி சமவெளியின் நடுவே நீண்ட மெல்லிய காடாகியது. பிற்காலத்தில் சீமைக்கருவேலமும் இதே வயிற்று வழியாகத்தான் ஊர் ஊராகப் பரவியது.

விதை போன வழியில் நோயும் போனது. வெக்கை எனப்பட்ட கொள்ளைநோய் மந்தையோடு நடந்து சந்தையில் மாட்டுக்கு மாடு பரவியது. ஒரு தொற்றில் கட்டுத்தரையே காலியான குடும்பங்கள் உண்டு. அதை ஆராய ஹாலன் என்பவர் தலைமையில் அமைந்த ஆணையம் 1871-இலேயே அறிக்கை தந்தது. 1920-களில் முக்தேசுவர் ஆய்வகத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் ஆட்டின் உடம்பில் வளர்த்து வீரியம் குறைத்த தடுப்பு மருந்தை உருவாக்கினார். இந்தியாவில் கடைசித் தொற்று 1995-இல். 2011-இல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். மனிதன் அடியோடு ஒழித்த நோய்கள் இரண்டே. ஒன்று பெரியம்மை, மற்றது இது.

பிரிட்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் வந்து மாட்டு நடையை முடித்தது. இங்கே லாரியும் டிராக்டரும் சேர்ந்து முடித்தன. ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழனும், மணப்பாறையில் புதனும் சந்தை கூடிக்கொண்டுதான் இருக்கிறது; மாடு இறங்குவது லாரியின் பலகையில். எருது தேவையில்லாத ஊருக்கு இட்டேரியும் தேவையில்லாமல் போனது. வேலியை வெட்டி, வழியைக் காட்டோடு சேர்த்து உழுதுகொண்டவர்கள் பலர். எஞ்சியவற்றில் பல குப்பை கொட்டும் இடமாகிவிட்டன. இதைப் பார்க்க எனக்கு ஆறவில்லை.

1952-இல் ஹால்டேன் என்பவர் ஸ்காட்லாந்தின் மாட்டு வழிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நடை நின்று பல பத்தாண்டுகள் கழிந்துவிட்டதால் அவர் பெரும்பாலும் பழைய ஆவணங்களையே நம்ப வேண்டியிருந்தது. நமக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. சிறுவயதில் அப்பனோடும் மாமனோடும் சந்தைக்கு மாடு பிடித்துப் போன பெரியவர்கள் பரமத்தி வேலூர், திருச்செங்கோடு பக்கத்து ஊர்களில் எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். வழிகளும் மந்தைவெளிகளும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள நில அளவை வரைபடத்தில் சர்வே எண்ணோடு இருக்கின்றன. உள்ளூர்ப் பள்ளியின் மாணவர்கள் அந்த வரைபடத்தின் நகலை ஒரு பெரியவர் முன்னால் விரித்துவைத்து, எந்தக் கிணற்றில் தண்ணீர் காட்டினீர்கள், எந்த மரத்தடியில் படுத்தீர்கள், ஆற்றை எந்த இடத்தில் கடந்தீர்கள், எந்த ஊரில் லாடம் கட்டினீர்கள் என்று கேட்டுப் புள்ளி வைக்கலாம். ஒரு கோடை விடுமுறை போதும்.