மூட்டு நோய்களை இனம் பிரிப்பதில் கணிப்பொறியின் துணை

மைசூரு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் கையை மடக்க இயலாத பெண் ஒருவர் மருத்துவமனைக்கு வருவதாகக் கொள்க. அவருக்கு உற்றது ருமட்டாய்டு மூட்டுவாதமாகலாம். லூபஸ் என்னும் நோயாகலாம். சிக்குன்குனியாக் காய்ச்சல் விட்டுச் சென்ற வலியாகவும் இருக்கலாம். 2006ஆம் ஆண்டில் இந்தியாவில் 13 லட்சத்திற்கு மேற்பட்டோருக்குச் சிக்குன்குனியா இருக்கலாமென ஐயுறப்பட்டது. அவர்களுள் மிகப் பலர் கர்நாடகத்தினர். ஆகவே இவ்வையம் இப்பகுதியில் இயல்பாக எழுவதே.

வலி ஒன்றுபோல் தோன்றினும் விளைவுகள் வேறு. ருமட்டாய்டு நோய்க்குச் சிகிச்சை தாமதித்தால் மூட்டுகள் அரிக்கப்பட்டு உருக்குலையும். லூபஸ் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். இவ்விரண்டும் தன்னெதிர்ப்பு நோய்கள்; அதாவது, கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காப்பு ஆற்றல் சொந்தத் திசுக்களையே பகையெனக் கொள்வதால் விளைபவை. சிக்குன்குனியா வலியோ பெரும்பாலோருக்கு நாளடைவில் தணிகிறது. சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கிறது.

இவற்றைப் பிரித்தறிய இரத்தம் சில குறிகளைத் தருகிறது. 1940இல் நார்வே நாட்டு எரிக் வாலர் ருமட்டாய்டு காரணியை விவரித்தார். ஆயினும் அது காசநோய், தொழுநோய் ஆகியவற்றிலும் காணப்படலாம். பின்னர் வந்த சி.சி.பி. எதிர்ப்பொருள் சோதனை ருமட்டாய்டு நோயை இன்னும் திட்டமாகக் காட்டுகிறது. எனினும் அந்நோயாளர் சிலரிடம் இக்குறி தென்படுவதில்லை. உயிரணுக் கருவை எதிர்க்கும் பொருள் லூபஸ் நோயாளர் ஏறக்குறைய அனைவரிடமும் உண்டு. நலமுள்ளோர் சிலரிடமும் உண்டு. எனவே ஒரு குறியை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் பிழைக்கு இடமாகும்.

இங்கேதான் இயந்திரக் கற்றல் பயன்படுகிறது. நோய் இன்னதென ஏற்கெனவே உறுதி செய்யப்பட்ட பலருடைய இரத்த அளவுகள் கணிப்பொறிக்கு அளிக்கப்படுகின்றன. எந்தக் குறி எதனுடன் சேர்ந்து உயர்கிறது, எது தாழ்கிறது என்பதை அது ஒப்பிட்டுக் கற்கிறது. சான்றாக, லூபஸ் முற்றும்போது காம்ப்ளிமென்ட் புரதங்கள் குறைவதுண்டு. ருமட்டாய்டு நோயில் சி-ரியாக்டிவ் புரதம் பெரும்பாலும் உயரும். இவ்வாறான பல குறிகளை ஒருங்கே நோக்கி, புதிய நோயாளருக்கு எந்நோய் எவ்வளவு கூடும் என்பதைப் பொறி மதிப்பிடுகிறது. 2001இல் லியோ பிரைமன் விளக்கிய முறையில், பல முடிவு மரங்கள் தனித்தனியே வாக்களிக்க, பெரும்பான்மை ஏற்கப்படுகிறது.

எனினும் பொறி கண்டறியாததைக் கற்பதில்லை. வெளிநாட்டு நோயாளரைக் கொண்டு மட்டும் பயிற்றப்பட்ட பொறி, சிக்குன்குனியாவையும் காசநோயையும் கணக்கில் கொள்ளாது இடறக்கூடும். இந்நாட்டு நோயாளரிடம் சோதித்த பின்னரே அதனை நம்புதல் தகும். முடிவு கூறும் பொறுப்பும் மருத்துவருடையதே.

களப்பணியாளர் ஆற்றக்கூடிய பணி இதில் பெரிது. காய்ச்சல் கண்ட நாள், வலி தொடங்கிய நாள், காலை விறைப்பு நீடிக்கும் நேரம், வீங்கிய மூட்டுகள் ஆகியவற்றைப் பிழையின்றிக் குறித்தல் வேண்டும். மூட்டு வீக்கம் ஆறு வாரங்களைக் கடந்தால் நோயாளரை மருத்துவரிடம் தவறாது அனுப்புக. “வாதம்தானே” என்று வாளாவிருப்போரின் ஐயத்தை ஆசிரியர்கள் அகற்றலாம். நன்கு எழுதப்பட்ட குறிப்பேடு நோயாளருக்கு இன்று உதவும். பொறிக்கு நாளை பாடமாகும்.